கவர் இழுக்குற ஆளுக்குக் காசு

மகன், கம்ப்யூட்டர்ல ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா வாயத் தொறந்து "நான்தான்"னு சொல்லிப்புடாத. "சிஸ்டம் வேல செய்யல"னு சொல்லு. நம்ம நாட்டுல பேங்க்ல இருந்து கச்சேரி வரைக்கும் அந்தப் பேச்சுலதான் வண்டி ஓடுது. சிஸ்டத்துக்கு அப்பன் ஆத்தா கெடையாது. சம்பளத்த வெட்ட முடியாது, மன்னாருக்கு ட்ரான்ஸ்பர் போட முடியாது.

அரசாங்கமே வழி காட்டிருக்கே! 2023ல அரசாங்கத்துக் கிளவுட்ல கப்பம் கேக்குற வைரஸ் பூந்துச்சு. சுமார் 5,000 முகவரி, அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17ல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்கும் வந்த மெயிலெல்லாம் போச்சு. ஓடிக்கிட்டிருந்த மென்பொருள் 2013ஆம் வருஷத்துது. செஞ்ச மைக்ரோசொப்ட்டே 2023 ஏப்ரல்ல கையக் கழுவிருச்சு. மாத்தணும்னு 2021ல இருந்தே பேச்சு, ஆனா காசு இல்லையாம். லைன்ல இருந்த பேக்கப்பையும் வைரஸ் பூட்டிருச்சு, தனியா கழட்டி வச்ச பேக்கப் அந்த மாசங்களுக்கு இல்லவே இல்ல. இனிமே தெனமும் எடுப்போம்னு சொன்னது அதுக்கப்புறம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். யார் மேல தப்புனு கேட்டியா? கேக்காத. மரியாதையா இருக்கப் பழகு.

வெளிநாட்டுக்காரனுக்கு இந்தச் சாமர்த்தியம் பத்தாது. கிட்லெப்னு ஒரு கம்பெனி இருக்குல்ல, அதோட கதைய என் பேத்தி போன்ல வாசிச்சுக் காட்டுனா. 2017 ஜனவரி 31 ராத்திரி. நகல் இருக்குற மெஷின்ல அழிக்கிறதா நெனச்சு ஒருத்தன் அசல்ல அழிச்சுட்டான். ஒரு செக்கன் ரெண்டு செக்கன்ல விளங்கி நிப்பாட்டுறான், அதுக்குள்ள 300 ஜிபில மிஞ்சுனது 4.5. சரி, பேக்கப் இருக்குல்லனு போனா பெட்டி காலி. டேட்டாபேஸ் புதுப் பதிப்பு, பேக்கப் எடுக்குற மென்பொருள் பழைய பதிப்பு, ரெண்டுக்கும் ஒத்துப்போகல. "பேக்கப் நடக்கல"னு அது பாவம் மெயில் போட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. முறையான அடையாளம் இல்லாத மெயில்னு அதையும் தள்ளிவிட்டுட்டாங்க! கடைசில காப்பாத்துனது ஆறு மணித்தியாலம் முன்ன வேற வேலைக்கு எடுத்து வச்ச ஒரு பிரதி. எடுத்து வச்சது யாருங்குற? அழிச்ச அதே ஆள்தான்.

இதையெல்லாம் மூடி மறைக்காம யூடியூப்ல நேரலையா காட்டிக்கிட்டே சரிக்கட்டுனாங்க. ஆறு மணித்தியால டேட்டா போனதுன்னு அவங்களே எழுதிப் போட்டாங்க. அந்தப் பையன வீட்டுக்கு அனுப்பவும் இல்ல. வெக்கங்கெட்ட சனம். நம்மாளு மூணு மாசத்துக்கு மேல தொலைச்சும் எவ்வளவு கண்ணியமா இருந்தான் பாரு.

ஒங்க ஒபிஸ்லயும் நல்ல பழக்கம்தான் வச்சிருக்கீங்க. பிழ விட்டவங்க மேசையில கழுதப் பொம்மைய வச்சு, ஒரு கெழமைக்கு எடுக்கக் கூடாதாமே. அசல் டேட்டாவ அழிச்ச அந்தப் புதுப்புள்ள, படிச்சு முடிச்சு நாலு மாசமாகல, மேசையில பொம்மைய வச்சுக்கிட்டு இருந்ததாமே. ரொம்ப நல்லது. அடுத்த தடவ பிழய அது எங்க ஒளிச்சு வைக்கும்னு பாத்துக்கிட்டே இரு, நீயும் தேடித்தேடித் தேஞ்சுபோவ.

2023ல அரசாங்க மெயில் போன அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 2, நம்ம பல்லேகல கிரவுண்ட்ல ஆசியக் கிண்ணத்துல இந்தியா பாகிஸ்தான் மேட்ச். இந்தியா 266 அடிச்சுது, பெறகு மழ புடிச்சு ஆட்டமே கைவிட்டாச்சு. ஓடி ஓடிக் கவர் இழுத்தவங்களத்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. மேகத்தக் கண்டா ஓட்டம், வெயில் வந்தா சுருட்டு, திரும்ப ஓட்டம். ஆசியக் கிண்ணம் முடியுற நேரம் கொழும்பு, கண்டி கிரவுண்ட்காரங்களுக்கு 50,000 டொலர் பரிசு அறிவிச்சாங்க. ஃபைனல்ல ஆட்ட நாயகனான சிராஜும் தன் பரிசுக் காச அவங்களுக்கே குடுத்துட்டான். மழைய நிப்பாட்டலனு அவங்க முன்னால யாரும் கழுதப் பொம்ம வைக்கல.

ஒங்க ஒபிஸ்ல கவர் இழுக்குறது யாரு மகன்? முழிக்காத. திங்கக்கிழமை போய், படிச்சு முடிச்சு நாலு மாசமாகாத அந்தப் புள்ள கையில அசல அழிக்குற சாவியக் குடுத்தது யாருன்னு மேனேஜரக் கேளு. பேக்கப்பத் திரும்ப ஏத்திப் பாத்தது எப்பன்னும் சேத்துக் கேளு. "சிஸ்டம்"னு அவரு ஆரம்பிச்சாருன்னா, நான் சொல்லிக்குடுத்த பாடத்த ஒனக்கு முன்னமே படிச்சவருனு வச்சுக்க.