நடுப்பக்கம் கேட்போர்: பறவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்: சுவாமிமலை. கோயிலின் அறுபது படிகளுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. தகப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன தலம் இது. காசு கொடுத்துப் பேப்பர் வாங்கியவருக்கே ஓசியில் படித்தவர் செய்தியை விளக்கும் மரபு இங்கே தழைத்திருப்பதில் வியப்பில்லை.

கருதுகோள்: மேற்படியார், வெப்பக் கடல்களின் மேலே திரியும் ஃப்ரிகேட் பறவையின் நிலவாழ் கிளையினர்.

சான்று 1: இப்பறவை கடலை நம்பியே பிழைத்தாலும் தண்ணீரில் உட்காராது. இறகில் எண்ணெய்ப் பூச்சு போதாது. நனைந்தால் எழும்புவது கடினம். நம்மவரும் விடிந்ததிலிருந்து டீக்கடையே கதியென்று கிடப்பார்; கல்லாப் பக்கம் மட்டும் ஒதுங்கமாட்டார்.

சான்று 2: மீனோடு திரும்பும் பூபிப் பறவையைத் துரத்தி, வாலைக் கவ்வி இழுத்து, விழுங்கியதைக் கக்கவைத்து, அது கடலில் விழுமுன் பிடித்துக்கொள்ளும். நம்மவர் துரத்துவதில்லை. பேப்பர்காரர் வலக்கையில் கொதிக்கும் கிளாஸை வாங்கும் நொடிக்குக் காத்திருப்பார். "அண்ணே, நடுப்பக்கம் மட்டும் குடுங்க, பாத்துட்டுத் தரேன்." 'பாத்துட்டு' வருவதற்குள் தாள் உருவப்பட்டிருக்கும்.

சான்று 3: ஆண் பறவை துணையைக் கவரத் தொண்டையிலுள்ள சிவப்புப் பையைப் புடைக்க ஊதும். தேர்தல் நேரத்தில் நம்மவர் கழுத்தை நோக்குக.

முரண்: 2016இல் வெளியான ஆய்வுகளின்படி, இப்பறவை தரையிறங்காமல் இரண்டு மாதம்வரை பறக்கும், பறக்கும் நாளில் சராசரியாக 42 நிமிடமே தூங்கும். அது உட்காராது, இவர் எழுந்திருக்கமாட்டார்.

தேர்வாளர் ஆட்சேபம்: பிற பறவைகளின் பூச்சியைத் தட்டிப் பறிக்கும் கரிச்சான் நம் வயலிலேயே இருக்கக் கடலுக்குப் போவானேன்? பதில்: கரிச்சான் பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து விவசாயிக்கு உதவுகிறது. நம்மவர் எவருக்கும் உதவியதாகத் தரவு இல்லை.

முடிவு: ஃப்ரிகேட் பறவை தன் இரையில் பெரும்பகுதியைத் தானே பிடிக்கிறது, பறக்கும் மீனும் கணவாயும் அதன் சொந்த உழைப்பு. பறித்துத் தின்பது சிறு பங்குதான். எனவே கொள்ளைக்காரப் பட்டத்தை அதனிடமிருந்து பறித்து, உரியவருக்கு வழங்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. பேப்பர் வாங்கும் அன்பர்கள் நடுப்பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.