நாட்டுப் பட்டியல் பெரிய துரைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு பாவனையாளர், குருவிட்ட, இரத்தினபுரி மாவட்டம், இலங்கை.

பெறுநர்: நாட்டுப் பட்டியல் பெரிய துரை அவர்கள், டிஜிட்டல் கடைகள் (அனைத்தும்), தலைமை ஆபிஸ், மேகம்.

பொருள்: குடும்பக் குழுவில் அத்தை மகனைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கோரல்.

ஐயா,

தங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. எல்லாக் கடைக்கும் ஒரே ஆள்தான் என்பது என் ஊகம். எங்கே போய்க் கதவைத் தட்டினாலும் “இது உங்கள் நாட்டில் கிடைக்காது” என்று ஒரே குரல்தான் வருகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, எந்தக் காரியத்துக்கும் மேலே ஒரு துரை இருப்பார் என்ற எண்ணம் இலேசில் போகாது. ஆகவே தங்களைப் பட்டியல் துரை என்றே அழைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

குருவிட்ட எங்கே இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். கொழும்பிலிருந்து அவிசாவளை தாண்டி வரும் ஏ4 வீதியில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னால். மேட்டில் தேயிலையும் இறப்பரும், பள்ளத்தில் வயலும் மாணிக்கக் குழியும். எரத்ன பக்கமாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் பட்டதொம்பலென என்று ஒரு குகை. முப்பதாயிரம் வருடத்துக்கு முன்பே அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள் என்று தோண்டிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு காலம் குடியிருந்தும் தங்கள் பட்டியலில் சேர முடியவில்லை என்றால், குறை எங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும்.

உலக நாடுகளுக்குக் குறியீடு தரும் ஐ.எஸ்.ஓ. 3166 பட்டியலை நான் மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். மொத்தம் 249 பெயர். அதில் அந்தாட்டிக்கா இருக்கிறது. பூவெட் தீவும் இருக்கிறது. நோர்வேக்குச் சொந்தமான அந்தத் தீவை ஏறக்குறைய முழுதாகப் பனிக்கட்டி மூடியிருக்கிறது, குடியிருப்பவர் ஒருவருமில்லை. இலங்கையும் இருக்கிறது, எல்.கே. என்ற இரண்டு எழுத்தில். ஆக, நாங்கள் இருக்கிறோம் என்பது உலகத்துக்குத் தெரியும். விற்கலாமா என்பதில்தான் தங்களுக்குச் சந்தேகம்.

சோனி கம்பனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை இங்கே கடையில் காசு கொடுத்து வாங்கலாம். கணக்குத் திறக்கப் போனால் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 பெப்ரவரியில் வெளிவந்த ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டை அதே சோனி ஸ்டீம் கடை வழியாகக் கொம்பியூட்டருக்கும் விற்றது. உலகமெல்லாம் வாங்கினார்கள். மே மாதம் வந்ததும், இனி விளையாட வேண்டுமானால் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று அறிவித்தார்கள். கணக்கே திறக்க முடியாத நாட்டுக்காரன் எதை எதோடு இணைப்பான்? அதையும் யாரோ கேட்டிருக்க வேண்டும், உடனே 177 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் அந்த விளையாட்டு கடையிலிருந்து இறக்கப்பட்டது. விளையாட்டுக்காரர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் எதிர்ப்பு விமர்சனம் எழுதிக் குவித்தார்கள். அறிவித்து ஒரு வாரம் போவதற்குள் சோனி பின்வாங்கியது. பின்வாங்கிய பிறகும் பல நாடுகளில் அது நெடுநாள் விற்பனைக்குத் திரும்பவில்லை. அந்த விளையாட்டின் கதை என்னவென்றால், வீரர்கள் பூமியிலிருந்து கிளம்பி அண்டம் முழுக்க ஜனநாயகத்தைப் பரப்புகிறார்கள். அண்டத்துக்குப் போக வழி இருக்கிறது, குருவிட்டவுக்குத்தான் பஸ் இல்லை.

இதற்கெல்லாம் எங்கள் பையன்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள், அதையும் தங்களிடம் மறைக்கவில்லை. இப்படிப்பட்ட கடைகளில் அவர்கள் அமெரிக்காவில் வசிக்கிறார்கள். அதிலும் பலர் ஓரிகன் மாநிலத்தில், ஏனென்றால் அங்கே விற்பனை வரி கிடையாது. காலையில் பால் வெட்டப் போகும் அப்பாவுக்குத் தன் மகன் போர்ட்லண்ட் நகரவாசி என்பது தெரியாது. உண்மையான முகவரியைப் போடலாம் என்றாலும் சங்கடம்தான். வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாத லயங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். ஓரிகன் முகவரியில் அந்தத் தொந்தரவு இல்லை, தெரு, கதவு இலக்கம், தபால் குறியீடு எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தங்கள் ஒப்பந்த நிபந்தனைகளில், பொய் விபரம் கொடுத்தால் கணக்கு மூடப்படலாம், வாங்கியதெல்லாம் போகலாம் என்று எழுதியிருக்கிறது. உண்மை சொன்னால் உள்ளே விடமாட்டீர்கள், பொய் சொன்னால் வெளியே தள்ளுவீர்கள். எங்கள் கிராம உத்தியோகத்தர் கூட இவ்வளவு இறுக்கமானவரல்ல. ஒரு வதிவிடச் சான்றிதழுக்கு நாலு நாள் அலைக்கழித்தாலும், கடைசியில் நான் குடியிருக்கும் இடத்தில்தான் நான் குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருவார்.

பேபால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், அது தங்கள் சகோதரத் திணைக்களம் என்று நினைக்கிறேன். இலங்கையிலிருந்து அதன் வழியாகப் பணம் அனுப்பலாம். ஆண்டுக்கணக்காகக் கேட்டும் பெறுவதற்கு வழி திறக்கவில்லை.

நியாயம் பேசாமல் வெறுமனே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பாட்டுக்கும் படத்துக்கும் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது என்பது தெரியும். ஏழை நாட்டுக்கு விலை குறைத்துக் கொடுத்தால், பணக்கார நாட்டுக்காரன் அந்தக் கதவால் நுழைந்து வாங்குவான், அதற்கு ஒரு வேலி வேண்டும் என்பதும் புரிகிறது. அந்த வேலிக்காக நான் தங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் தன் சொந்த விளையாட்டுக்குத் தன் சொந்தக் கணக்கைக் கேட்கும் கம்பனிக்கு எந்த உரிமைச் சிக்கல்? குறைந்த விலைக்குப் போடும் வேலி சரி, விலையே சொல்லாமல் போடும் வேலி எதற்கு? ஐரோப்பாவில் இதைக் கேட்க ஆள் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு, ஸ்டீம் நடத்தும் வால்வ் கம்பனிக்கும் ஐந்து விளையாட்டு வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 இலட்சம் யூரோ தண்டம் போட்டது. ஒரு நாட்டில் வாங்கிய விளையாட்டை ஐரோப்பாவின் இன்னொரு நாட்டில் திறக்க விடாமல் பூட்டியதுதான் குற்றம். எங்களிடமும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அரிசி விலையைப் பார்ப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

நாங்களும் நாட்டின் பெயரால் ஒரு பூட்டு வைத்திருக்கிறோம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தேயிலைப் பெட்டியில் சிங்க இலச்சினை போட வேண்டுமானால் உள்ளே முழுக்க இலங்கைத் தேயிலை இருக்க வேண்டும், பெட்டியும் இலங்கையில் அடைத்ததாக இருக்க வேண்டும். தேயிலைச் சபை அதில் கண்டிப்பு. ஆனால் அது கொழுந்து எங்கே பறித்தது என்றுதான் கேட்கிறது. குடிக்கப் போகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டு யாருடைய கோப்பையையும் நாங்கள் தட்டிப் பறித்ததில்லை. எங்கள் மாணிக்கக் குழியில் எடுக்கும் நீலக்கல்லுக்கும், சிலோன் கல் என்று சான்றிதழ் இருந்தால் விலை ஏறும். கல்லுக்கு விலை ஏற்றும் அதே ஊர்தான் ஆளுக்குக் கதவை மூடுகிறது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

அப்பிள், கூகுள் பிளே, ஸ்டீம் மூன்றிலும் குடும்பக் குழு என்று ஒரு வசதி வைத்திருக்கிறீர்கள். ஒருவர் வாங்கியதை வீட்டார் எல்லாரும் பயன்படுத்தலாம். நல்ல மனசு. மூன்றிலும் ஒரு நிபந்தனை பொதுவாக இருக்கிறது: குடும்பத்தார் அனைவரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். இதை எழுதியவருக்கு மலையகத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான எங்கள் ஆட்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் எழுதி 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தைச் சிறிமாவோ இந்திரா காந்தியோடு சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று வெட்டினார். துரை அவர்களே, ‘நாட்டைத் தெரிவு செய்க’ என்ற தங்கள் படிவத்தை எங்கள் தாத்தாமார் தங்களுக்கு வெகுகாலம் முந்தியே நிரப்பியவர்கள். அதில் இரண்டே பெயர்தான். ஒரே லயத்தில் அண்ணன் ஒன்றுக்கும் தம்பி மற்றதுக்கும் மனுப் போட்ட கதை ஏராளம்.

என் தாத்தா இலங்கைக்குப் போட்டார். அத்தையைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இந்தியாவுக்குப் போட்டார்கள். சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கொழுந்து, அதே அட்டைக்கடி. இங்கே தங்கியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. 55 வருடம் எங்கள் கணக்கு பரிசீலனையில் இருந்தது. கூகுள் பிளேயில் வருடத்துக்கு ஒரு தடவை நாட்டை மாற்றிக்கொள்ளலாமாம். அதுவே நீண்ட காலம் என்று சிலர் குறைப்படுகிறார்கள்! அப்பிளில் நாடு மாற்றுகிறவர் முதலில் மிச்சக் காசைச் செலவழிக்க வேண்டும், சந்தாக்களை நிறுத்த வேண்டும், தேவைப்பட்டால் குடும்பக் குழுவிலிருந்தும் விலக வேண்டும். இதை வாசித்தபோது, அந்த 1964 ஒப்பந்தத்தை எழுதிய அதிகாரிகளில் யாராவது ஓய்வுபெற்ற பிறகு தங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை மகன் இப்போது கூடலூரில் இருக்கிறார். என் மகள் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியதைக் கேள்விப்பட்டு, தமிழ்ப் புத்தகம் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு கடையின் பரிசு அட்டையை வாங்கி, இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடையின் பெயர் வேண்டாம். அட்டை இந்தியாவில் வாங்கியது, இந்தியக் கணக்கில் மட்டுமே செல்லும் என்று பதில் வந்தது. “என்ன மச்சான், இங்கேயும் ரூபாய், அங்கேயும் ரூபாய்தானே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, தங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். 2024 பெப்ரவரி 12ஆம் திகதி முதல் இந்தியாவின் யு.பி.ஐ. முறையில் இலங்கைக் கடைகளில் பணம் கட்டலாம். ஆகவே அவர் இரண்டு கடவுச்சீட்டு முத்திரை குத்தி இங்கே வந்து, போனைக் காட்டி, என் மகளுக்கு வடையும் பிளேன்டீயும் வாங்கித் தரலாம். கூடலூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாவல் வாங்கித் தர முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. குடும்பக் குழு நிபந்தனையில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் நாடு பிரிந்தவர்கள் நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தேவைப்பட்டால் தாத்தாவின் மனு, அத்தையின் கப்பல் சீட்டு எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்புகிறேன். எத்தனை எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பதிலைத் தயவுசெய்து ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று முடியும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

பரிசு அட்டையின் ஆயுள் ஒரு வருடம், மார்கழிக் கடைசியோடு தீர்கிறது. அதற்குள் தங்கள் முடிவு வராவிட்டால் மச்சானே அதைச் செலவழித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் நாவல் வாசிக்கிற ஆள் இல்லை. எதையாவது சுடும் விளையாட்டாகத்தான் வாங்குவார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள பாவனையாளர்,
குருவிட்ட.
(கடையின் பதிவேட்டின்படி: போர்ட்லண்ட், ஓரிகன்.)