வெள்ளிக்கிழமையில் வந்த ஞாயிறு

துபாய்,
ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

போன வாரம் பேசும்போது, "ஞாயித்துக்கிழமை ஒழுங்கா கோயிலுக்குப் போறியாலே?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது. வாட்ஸாப் கால் இங்கே எடுபடாது. போட்டிம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மாரடிக்கிறோம். நான் வாயைத் திறந்தபடி முழித்துக்கொண்டு நின்ற அந்தப் படத்தைப் பார்த்து நீ என்ன முடிவுக்கு வந்தாயோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அதனால் எழுத்திலேயே சாட்சி சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது அக்கா. நான் 2009-ல் வந்து இறங்கியபோது இங்கே வெள்ளியும் சனியும் லீவு. ஞாயிறு வாரத்தின் முதல் வேலைநாள். ஆகவே ஞாயிறு ஆராதனையை வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டோம். குருத்தோலை ஞாயிற்றையும் வெள்ளியன்றே ஓலை பிடித்து முடித்தோம். ஞாயிறு பள்ளி வெள்ளிதோறும் நடந்தது. பெரியவன் இங்கேயே பிறந்தவன் அல்லவா, அவனுக்கு ஞாயிறு என்றால் புத்தகப்பை. முதல் தடவை நம் ஊர் முதலூருக்குக் கூட்டி வந்தபோது, மணி அடித்ததும் நீ வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாய். "அத்தை ஏன் ஸ்கூல் நாள்ல கோயிலுக்குப் போறாங்க?" என்று கேட்டானே, நினைவிருக்கிறதா? அத்தான் அதை உபதேசியாரிடம் சொல்ல, அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். நான் ஊர் திரும்பும்வரை அந்தப் பார்வை மாறவில்லை.

2022 ஜனவரியில் அரசாங்கம் வாரத்தைத் திருப்பிப் போட்டது. வெள்ளி அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் லீவு. எங்கள் ஆபீசும் மாறியது. பதிமூன்று வருஷம் கழித்து ஞாயிறு ஞாயிற்றுக்கே வந்தது. முதல் ஞாயிறு காலை பழக்கதோஷத்தில் ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு லிஃப்டில் கீழே வரை இறங்கிவிட்டேன். வாட்ச்மேன்தான் திருப்பி அனுப்பினார். இப்போது தெருவில் வண்டி நிறுத்தவும் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் கிடையாது. முன்பு அந்தச் சலுகை வெள்ளிக்கு இருந்தது. நாலாம் கற்பனையைப் போக்குவரத்துத் துறையே ஆசரிக்கிறது, இனி நமக்கென்ன சாக்கு?

ஆனால் ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷமும் எங்களுக்குச் சிக்கலே தராத ஒரே நாள் பெரிய வெள்ளி. அது தானாகவே லீவில் விழும். இப்போது மும்மணி தியானத்துக்குப் போக மேனேஜரிடம் பர்மிஷன் கேட்டு நிற்கிறேன். "மூன்று மணி நேரமா? அப்படி என்ன நடக்கும்?" என்கிறார் அவர். சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் அவருக்கு விளக்க ஆரம்பித்தால் அதற்கே மூன்று மணி நேரம் ஆகும்.

நாங்கள் போகிற இடம் ஊத் மேத்தா. மெட்ரோ ஸ்டேஷனே உண்டு. ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967-ல் கத்தோலிக்கர்கள் கட்டிய புனித மரியாள் ஆலயம் அங்கேதான். நாங்கள் கூடுகிற பரிசுத்த திரித்துவ ஆலயமும் அங்கேதான். நம்ம பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக்கும் திரித்துவப் பெயர்தானே என்று முதல் நாள் பூரித்துப்போய் அண்ணாந்து பார்த்தேன். ஊசியும் இல்லை, மணியும் இல்லை. ரெண்டாம் மணி அடித்தபிறகு தலை சீவ ஆரம்பிக்கிற குடும்பம் நம்முடையது. மணியே அடிக்காத ஊரில் எதைக் கேட்டுப் பிந்திப் போவது? உன் தம்பி பெண்டாட்டி போனில் மூன்று அலாரம் வைத்திருக்கிறாள். மூன்றாவது அடிக்கும்போது நான் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பேன்.

இங்கே கோயில் என்பது ஊரில் மாதிரி நமக்கே நமக்கென்று இருப்பதில்லை. ஒரே வளாகத்தில் எத்தனையோ சபைகள், எத்தனையோ பாஷைகள். ஹாலை மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்ள வேண்டும். நாங்கள் கீர்த்தனை பாடும்போது பக்கத்துச் சுவரிலிருந்து மலையாளம் கேட்கும், மாடியிலிருந்து பிலிப்பைன்ஸ்காரர்கள் கைதட்டுவார்கள். பெந்தெகொஸ்தே நாளில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எங்கள் சபை ஐயர் சொல்லிச் சமாளிப்பார். முதலூரில் பிரசங்கத்தை நிறுத்த யாரால் முடியும்? அத்தான் ஒருதரம் தூங்கி எழுந்து பார்த்தபோதும் ஐயர் அதே வசனத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இங்கே எங்களுக்கு அடுத்து வருகிற சபையின் டிரம்ஸ்காரர் சரியாகப் பத்து நிமிஷம் முன்னால் கதவைத் திறந்து, ஒரு டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், சிரிக்க மட்டும் செய்வார். ஐயர் உடனே "முடிவாக" என்று சொல்லிவிடுவார். அந்த டிரம்ஸ்காரருக்காக நான் தனியே ஜெபிப்பதுண்டு.

ஆராதனை முடிந்தாலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வாசலில் நின்று பேசுவதற்காகவே பாதிப் பேர் வருகிறார்கள், அதில் நானும் உண்டு. பாடகர் குழுவில் ஆண் குரல்கள் எல்லாம் சோனாப்பூர் கேம்ப் பையன்கள். ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு ஏழாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து டெனர் பாடுகிறார்கள். சாத்தான்குளத்துப் பையன் ஒருவன், எலக்ட்ரீஷியன். எட்டு மாசக் குழந்தையை இன்னும் கையில் வாங்கவில்லை. வாரவாரம் போனை நீட்டி, "அண்ணே, பல்லு வந்துட்டு பாருங்க" என்பான். உன் தம்பி பெண்டாட்டி அவனுக்கென்று ஒரு டப்பா சோறு கட்டி வருவாள். அது எனக்கு வைத்திருந்த மீன் என்பதை நான் வெளியே சொல்வதில்லை.

இன்றைக்கு அறுப்பின் பண்டிகை. பாலைவனத்தில் என்ன அறுப்பு என்று கேட்காதே, எல்லாம் லூலூ சூப்பர்மார்க்கெட்டில் அறுத்ததுதான். முருங்கைக்காய்க் கட்டு ஒன்று ஏலத்தில் எண்பது திர்ஹாமுக்குப் போனது. ஊரில் நம் வேலியில் காய்த்துத் தொங்குவதை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. பிறகு உன் தம்பி பெண்டாட்டி செய்த முந்திரிக்கொத்து வந்தது. (இந்த வரியை அவளிடம் படித்துக் காட்டிவிடாதே. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் கையில் அது இருந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.) இருபது என்று ஆரம்பித்தார்கள். ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். குடும்ப மானம் போகக் கூடாதே என்று இருபத்தைந்து என்றேன். பின்வரிசையிலிருந்து "முப்பது!" என்று ஒரு குரல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது என்றேன், அவன் ஐம்பது என்றான். என் பெண்டாட்டி பலகாரத்துக்கு இப்படி ஒரு ரசிகனா என்று கொஞ்சம் சந்தேகமும் வந்தது. நூற்றைம்பதில் நான் நின்றபோதுதான் ஏலம் போட்ட தூத்துக்குடிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறி நிற்கிறான் பெரியவன்! நானும் என் மகனும் மட்டும் போட்டி போட்டு, எங்கள் வீட்டுப் பலகாரத்தை எங்கள் வீட்டுக்கே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம். அவளுக்கு மட்டும் பரம திருப்தி. "பாத்தீங்களா, எவ்வளவு போச்சு!" என்கிறாள்.

ஏலத்தில் காலியான பர்ஸோடு வேறெங்கே போக முடியும்? கராமாவில் ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம். சாயங்காலம் பர்துபாய் துறையில் அப்ரா படகு. ஆளுக்கு ஒரு திர்ஹாம், இந்த ஊரில் இதைவிட மலிவாக மூச்சுதான் விடலாம். நாலு பேரும் தேய்ரா கரைக்குப் போய், இறங்கி, மறுபடி ஏறித் திரும்பினோம். சின்னவள் என் மடியில் தூங்கிவிட்டாள். பெரியவன் முந்திரிக்கொத்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, சத்தமில்லாமல் தண்ணீரில் போட்டான். நான் பார்த்தேன். அவன் அம்மா பார்க்கவில்லை.

அடுத்த மாசம் உங்கள் தெருவிலிருந்து வருகிறவர் கையில் மஸ்கோத் அல்வா ரெண்டு கிலோ கொடுத்துவிடு. ஒரு கிலோ எங்களுக்கு. இன்னொன்று அடுத்த ஏலத்துக்கு. அன்றைக்குப் பெரியவனை என் பக்கத்திலேயே, கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொள்வேன்.

உன் தம்பி.