எட்டு விளக்கு எஞ்சினியர்

சென்னை ஓ.எம்.ஆர். டீக்கடைகளில் இவரைப் பார்க்கலாம். மென்பொருளில் பத்துப் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவர். சி மொழி இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லினக்ஸ் கெர்னலைத் தானே கம்பைல் செய்தவர் என்பது, கேட்காமலேயே நமக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் திடீரென்று, "ஸெட்போர்டு ஒண்ணு வாங்கிட்டேன் சார்" என்பார். நாம் புருவத்தை உயர்த்தும்வரை பொறுத்திருந்து, "உள்ள ரெண்டு ஆர்ம் கோர். அதுல லினக்ஸ். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஹார்டுவேர்காரன் சமாசாரம், அந்தப் பக்கமே நாம போகப் போறதில்ல" என்று முடிப்பார்.

போகாமல் எங்கே போவது?

அந்த போர்டின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஸிங்க் 7020 என்கிற சில்லு. அதற்குள் ஒரு பாதியில் 667 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கார்டெக்ஸ் ஏ9 கோர்கள். மறுபாதிதான் எஃப்.பி.ஜி.ஏ.; நீ இன்னதாக இரு என்று யாராவது சொல்லும்வரை எதுவாகவும் இல்லாத 85,000 லாஜிக் செல்கள். போர்டின் ஓரத்தில் எட்டு எல்.ஈ.டி., கூடவே எட்டு ஸ்விட்ச். வாங்கிய அன்றைக்கே நம்மவர் கண் வைத்தது அவற்றின் மேல்தான். வந்ததே வினை. அந்த எட்டும் மறுபாதியின் சொத்து. ஆர்ம் பக்கத்திலிருந்து நேராக ஏற்றக்கூடிய விளக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்த வரிசையில் சேராமல் தனியே நிற்கும். ஒரு விளக்கோடு திருப்திப்படுகிற ஆளா இவர்?

மென்பொருள்காரர்கள் காலங்காலமாக வாடகை வீட்டில் குடியிருந்து பழகியவர்கள். சுவர், கூரை, குழாய் எல்லாம் யாரோ கட்டி வைத்திருப்பார்கள். இவர்கள் உள்ளே போய்க் கோலம் போடுவார்கள். இங்கேயோ செங்கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. விவாடோ என்ற மென்பொருளை இறக்கவே ஒரு ராத்திரி போய்விட்டது. பிராசஸரை ஒரு கட்டமாக வைத்து, விளக்குகளோடு பேசும் ஜி.பி.ஐ.ஓ.வை இன்னொரு கட்டமாக வைத்து, நடுவில் ஏ.எக்ஸ்.ஐ. பஸ்ஸால் கோடு இழுத்து, மறுபாதிக்கு நீ இன்னதாக இரு என்று சொல்லும் பிட்ஸ்ட்ரீம் உருவாகட்டும் என்று காத்திருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாராம்.

"என்னடா தம்பி, இன்னுமா விளக்கு எரியல? ஸ்விட்ச்தான் பக்கத்துலயே இருக்கே, போட வேண்டியதுதானே?"

"ஸ்விட்சுக்கும் விளக்குக்கும் நடுவுல ஒயரே கிடையாதும்மா. அதை நான்தான் எழுதணும்."

"ஒயரை எழுதுவியா?" என்று கேட்டுவிட்டு, அம்மா சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கன்சோல் திறப்பது தனிப் படலம். போர்டில் மைக்ரோ யு.எஸ்.பி. துளைகள் பல. ஒன்று யு.ஏ.ஆர்.டி., ஒன்று ஜேடேக். நம்மவர் ஜேடேக்கில் கேபிளைச் செருகிவிட்டு, 115200 பாட் என்று சரியாகவே வைத்துவிட்டு, கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டிருந்தார். சரியான துளைக்கு மாறியதும் எழுத்துகள் ஓடின. "சொன்னேன்ல?" என்று அறையைப் பார்த்துச் சொன்னார். அறையில் யாரும் இல்லை.

பெட்டியோடு வந்த எஸ்.டி. கார்டில் லினக்ஸ் சமர்த்தாக எழுந்தது. அது போதாதென்று சொந்தமாக ஒன்று செய்யக் கிளம்பினார். சில்லுக்குள்ளேயே இருக்கும் பூட் ரோம் கார்டில் பூட்.பின் கோப்பைத் தேடும், அதிலிருந்து எஃப்.எஸ்.பி.எல். எழும், அது பிட்ஸ்ட்ரீம் இருந்தால் அதை இறக்கி யு-பூட்டை எழுப்பும், யு-பூட் லினக்ஸை எழுப்பும். எழுப்புகிறவர்களில் ஒருவர் தூங்கிவிட்டாலும் போச்சு. இவர் புதிதாக வாங்கிய 64 ஜி.பி. கார்டோ எக்ஸ்ஃபேட். பூட் ரோமுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஃபேட் மட்டும். அதனால் அது ஒன்றும் சொல்லவில்லை. இவர் பூட் முறையைச் சொல்லும் ஜே.பி.7 முதல் ஜே.பி.11 வரை ஐந்து ஜம்பர்களையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார்.

கார்டை ஃபேட்டுக்கு மாற்றியதும் ஒருவழியாக லினக்ஸ் வந்தது. ஜி.பி.ஐ.ஓ.வின் முகவரி 41200000, ஹெக்ஸில். மெமரியில் அந்த இடத்தில் ஒரு எண்ணை எழுதினால் விளக்கு எரிய வேண்டும். எழுதினார். லினக்ஸ் முழுசாக உறைந்தது. வழக்கமாக இப்படித் தப்பு செய்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று அது திட்டவாவது திட்டும். இங்கே அந்த மரியாதைகூட இல்லை. பிட்ஸ்ட்ரீமை இறக்க மறந்திருந்தார். முகவரி இருந்தது, அங்கே ஆள் இல்லை. பதில் வரும் என்று பிராசஸர் காத்துக்கொண்டே இருந்தது. பொதுவாக இந்த ரகத்தார் இந்த இடத்தில்தான் "போர்டே சரியில்ல" என்ற முடிவுக்கு வருவார்கள். இவரும் வந்தார்.

மறுமுறை முதலில் பிட்ஸ்ட்ரீமை இறக்கினார். 'டன்' என்ற நீல விளக்கு எரிந்தது. பிறகு எட்டும் எரிந்தன. வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார். பெரியப்பா, "தீபாவளி வாழ்த்துகள்" என்று பதில் போட்டார்.

இப்போது ஆளே வேறு. ஹார்டுவேர்காரன் சமாசாரம் என்று சொன்னவர், புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, "கிளாக் டொமைன் தெரியாம நீயெல்லாம் என்ன கோடு எழுதுற?" என்கிறார். போன வாரம் ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"சார், பிங்க்னு ஒரு போர்டு இருக்காமே? பைத்தான்ல ஒரு வரி எழுதினா பிட்ஸ்ட்ரீம் தானா இறங்கிடுதாம், பிரவுசர்லயே விளக்கு ஏத்தலாமாம்..."

"அதெல்லாம் சோம்பேறிங்க வேலை தம்பி" என்று டீ கிளாஸை டக்கென்று வைத்தார். "அடிப்படை தெரிய வேணாமா?"

அன்று ராத்திரியே பிங்க் இஸட்1 ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டார். சில்லு அதே 7020தான். போர்டு ரோஸ் நிறத்தில் வருகிறதாம்; வீட்டில் கேட்டால் பாப்பாவுக்கு வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.