வால்வு மச்சானும் டிரான்சிஸ்டர் மாப்பிள்ளையும்

பாட்டுக் கேட்பதற்காக ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் ஒரு வகை. ஆம்ப்ளிஃபயரைக் கேட்பதற்காகப் பாட்டுப் போடுகிறவர்கள் இன்னொரு வகை. என் மனைவியின் அண்ணன் இரண்டாம் வகை.

வேளச்சேரியில் மூன்றாம் மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு. சாமி அலமாரிக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் விளக்கு எரிவது அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயரில்தான். போனவுடன் பாட்டுக் கேட்டுவிட முடியாது. "உக்காருங்க மாப்ளே, இன்னும் சூடாகல" என்பார். வால்வின் உள்ளே இருக்கும் இழை பழுக்கச் சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும். அதற்கு அரை நிமிடம் போதும். மச்சான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் அதற்குள் வரலாறு சொல்லி முடிக்க வேண்டும்.

1904இல் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழையும் ஒரு தகடும் வைத்தார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவே ஒரு கம்பியைச் செருகினார். அந்தக் கம்பியில் மின்னழுத்தம் லேசாக ஆடினால், பக்கத்துத் தகட்டில் பெரிய மின்னோட்டம் அதே தாளத்தில் ஆடும். ஆம்ப்ளிஃபயர் என்பது இவ்வளவுதான். மச்சான் வீட்டில் இருப்பது 300பி வால்வு. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1938இல் கொண்டுவந்தது, டிரான்சிஸ்டருக்கு மூத்தது. அந்த டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த கதையை மட்டும் மச்சான் சகுனி பிறந்த கதை மாதிரி சொல்வார். பார்டீன், பிராட்டன், ஷாக்லி மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கொடுத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் எதிர்க்கட்சி. வளர்ந்ததே 4440 போர்டில்தான். தமிழ்நாட்டில் கேசட் காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு எல்ஏ 4440 தெரியாமல் இருக்காது. சான்யோ கம்பெனியின் ஐசி, 12 வோல்ட், பக்கத்துக்கு ஆறு வாட். சலூனில், டீக்கடையில், ஆட்டோ சீட்டுக்குப் பின்னால் எல்லாம் அதுதான் பாடியது. ரேடியோ மெக்கானிக் அண்ணன் அதை ஒரு பிளைவுட் பெட்டியில் பூட்டி, நாலு எல்இடியை ஆடவிட்டு, முன்னால் ஆயிரக்கணக்கில் ஒரு வாட் கணக்கை ஒட்டித் தருவார். பக்கத்திலேயே பொடி எழுத்தில் பிஎம்பிஓ. அந்த நாலெழுத்து இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அந்நாளைய வணிக தர்மம்.

மச்சானின் மெஷினோ பக்கத்துக்கு 8 வாட். விலையைத் தங்கச்சியிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். 8 வாட் போதுமா என்று கேட்டால் சிரிப்பார். சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. வாட்டைப் பத்து மடங்காக்கினாலும் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தெரியும், வீட்டுக் கூடத்தில் நாம் கேட்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரு வாட்டே ஜாஸ்தி.

"வார்ம்த் கவனிச்சீங்களா மாப்ளே, கதகதப்பா இல்ல?" என்று சித்திரை மாத மத்தியானத்தில் கேட்பார். கவனிக்காமல் எப்படி? சட்டை நனைந்துவிட்டது.

ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒற்றை வால்வு வைத்து ஓட்டும் இந்த வகையில், உள்ளே போன சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு அதிர்வெண்ணும் கொஞ்சம் சேர்ந்து வெளியே வரும். இரண்டு மடங்கு என்றால் மேல் ஸ்தாயி. ஸட்ஜத்தை அனுப்பினால் தார ஸட்ஜமும் துணைக்கு வரும். பதிவில் இல்லாததைச் சேர்ப்பதால் அது பொய்தான், ஆனால் சுருதி சேர்ந்த பொய். ஜோடி வால்வை எதிரும் புதிருமாக மாட்டினால் இந்த இரண்டாம் மடங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவதில் மூன்றாம் மடங்கு முந்தி நிற்கும். அது மேல் பஞ்சமம், தம்பூராவுக்குப் பகையில்லை. டிரான்சிஸ்டர் சாதாரணமாக இந்த வேலையே செய்யாது, உள்ளதை உள்ளபடி சொல்லும். தாங்க முடியாத அளவுக்கு முறுக்கினால் மட்டும் அலையின் தலையைச் சீவிவிடும். அப்போது ஐந்து, ஏழு, ஒன்பது என்று மடங்குகள் கிளம்பும். ஏழாம் மடங்கு நம்முடைய எந்தச் சுரஸ்தானத்திலும் ஒழுங்காக உட்காராது. அதைத்தான் நாம் 'கரகர' என்கிறோம்.

மச்சான் மறைக்கும் விஷயமும் ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் எப்போதும் தனி வீணைதான் போடுவார். முப்பது வயலின் சேர்ந்து எழும் சினிமாப் பாட்டைக் கேட்டால் "அது ரெக்கார்டிங் சரியில்ல" என்பார். பல சுரம் ஒரே நேரத்தில் நுழைந்தால் வால்வு அவற்றைக் கூட்டியும் கழித்தும் யாரும் வாசிக்காத சுரங்களைச் சேர்க்கும், அங்கே அந்த இனிய பொய் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். தவில் இன்னும் மோசம். வால்வு மெஷினுக்கு ஸ்பீக்கரைப் பிடித்து நிறுத்தும் பிடி குறைவு. தொப்பிப் பக்கத்துத் 'தொம்' அங்கே 'தொம்ம்ம்' என்று நீளும். என் டிரான்சிஸ்டரில் அடி விழுந்த இடத்திலேயே நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தோம். சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்தினேன், ஏனென்றால் ஒரு துளி உரக்கப் பாடும் மெஷினை எந்தக் காதும் உசத்தி என்றுதான் சொல்லும். மச்சான் கண்ணைத் துண்டால் கட்டினேன். மனிதர் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார்! நான் ஆடிப்போய்விட்டேன். காபி கொண்டுவந்த மச்சானின் மனைவி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "வால்வு ஓடுறப்ப அவருக்கு முட்டியில சூடு படுது தம்பி, நாற்காலியைத் தள்ளிப் போடுங்க" என்றார். தள்ளிப் போட்டோம். அதன் பிறகு மச்சானும் என்னைப் போல் பூவா தலையா கணக்கில்தான் சொன்னார்.

இதைவிடப் பெரிய பரீட்சை 1985இல் அமெரிக்காவில் நடந்தது. பாப் கார்வர் என்ற பொறியாளர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்கள் உசத்தி என்று கொண்டாடிய ஒரு வால்வு மெஷினைப் போலவே தன் மலிவான டிரான்சிஸ்டர் மெஷினைப் பாட வைப்பதாகச் சவால் விட்டார். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டு மெஷினின் வெளியீட்டையும் கழித்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பத்திரிகைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். இதை மச்சானிடம் சொன்னேன். "பாத்தீங்களா மாப்ளே, டிரான்சிஸ்டருக்கும் கடைசியில வால்வு மாதிரி ஆகணும்னுதான் ஆசை" என்றார். இதற்குப் பதில் என்னிடம் இல்லை.

மின் கணக்கு வேறு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த வகை வால்வு மெஷின் ஒரே மாதிரி கரண்டு குடிக்கும். 150 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 27 யூனிட். அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல் கண்ணாடிக்குழாய்க்குப் போகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி. ஏசி போட்டால் அதன் உறுமலில் வீணையின் கமகம் காணாமல் போகிறது. ஆகவே மச்சான் ஏசியை நிறுத்திவிட்டு, பனியனோடு உட்கார்ந்து கமகம் கேட்கிறார். கூடவே ஒரு பல்லியும் கேட்கிறது. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும் என்று அது கண்டுகொண்டுவிட்டது.

வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். இப்போது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் சின்ன வால்வுகள் செய்தது. அந்தப் பழைய சரக்கைத் தேடி ரிச்சி தெருவுக்குப் போனால் மச்சான் சாயங்காலம்தான் திரும்புவார்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: கையில் உள்ள பணத்தில் பெரிய பங்கை முதலில் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள், அங்கேதான் வித்தியாசம் எல்லோர் காதுக்கும் தெரியும். தினசரிப் புழக்கத்துக்கு டிரான்சிஸ்டர் போதும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு ஆகாது. வால்வுதான் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கும், மூடியைத் திறந்து தடவிப் பார்க்க வேண்டாம். என்னைப் போல் உங்களுக்கும் ஒரு மச்சான் வாய்த்திருந்தால் வாங்கவே வேண்டாம், அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். மார்கழியில் போங்கள்.