பெற்றோர் கையொப்பம்

ரிட்டயர்டு ஆனவன் என்னென்ன செய்யலாம் என்பதற்கு நம் ஊரில் எழுதப்படாத ஒரு பட்டியல் இருக்கிறது. காலையில் பூங்காவைச் சுற்றலாம். காசிக்குப் போகலாம். குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளராகி, தண்ணீர் லாரிக் கணக்கில் செயலாளரோடு சண்டை போடலாம். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்தை ஊருக்கெல்லாம் அனுப்பலாம். ஓவியத்தில் எம்.எஃப்.ஏ. சேர்வது அந்தப் பட்டியலில் இல்லை. நான் விண்ணப்பம் போடப் போகிறேன் என்றதும் என் சம்பந்தி, "பெயின்டிங்தானே? நல்லது. பிரஷர் குறையுமாம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது யோகாசனத்தில் ஒரு பிரிவு.

எனக்கு அது பாதியில் நின்றுபோன காரியம். பூந்தமல்லி நெடுஞ்சாலைச் சிவப்புக் கட்டடங்களுக்குள், சென்னை ஓவியக் கல்லூரியில், எண்பதுகளில் பி.எஃப்.ஏ. முடித்தேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய இடம் அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். இந்தப் பெருமையையெல்லாம் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு வங்கித் தேர்வுக்கான படிவத்தை நீட்டினார். "உழைப்பாளர் சிலை செஞ்சாரே ராய் சௌத்ரி, அவருக்கே முப்பது வருஷத்துக்குக் கிட்ட சர்க்கார் சம்பளம்டா. உனக்கென்ன?" பதில் சொல்ல முடியாத கேள்வி. கிளார்க்காகச் சேர்ந்தேன், மேனேஜராக வெளியே வந்தேன்.

இடையில் நான் செய்த வேலை, பிறருடைய விண்ணப்பங்களை வாங்கிப் பார்த்து, "இது பத்தாது, இன்னொரு ஜெராக்ஸ் வேணும்" என்று திருப்பி அனுப்புவது. மாடு வாங்க வந்தவரிடம் மாட்டின் போட்டோ கேட்டிருக்கிறேன். 62 வயதில் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தபோது, அந்த மாட்டுக்காரர் எங்கிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்.

முதலில் ஆன்லைன் படிவம். கல்லூரியின் பெயர் வேண்டாம். எனக்கு இன்னும் சில செமஸ்டர்கள் பாக்கியிருக்கின்றன. பிறந்த வருடத்தைத் தட்டினால் 2005-ல் திறந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். சுனாமி, கார்கில், ராஜீவ், இந்திரா, எமர்ஜென்சி என்று தேச வரலாறு முழுக்கத் தலைகீழாக ஓடி, நேரு பிரதமராக இருந்த 1961-ல் வந்து நின்றது. அதற்குக் கீழேயும் சில வருடங்கள் இருந்தது பெரிய ஆறுதல். எனக்கும் மூத்த ஒருவரை அந்த மென்பொருள் எதிர்பார்க்கிறது.

அடுத்தது பிளஸ் டூ மதிப்பெண். நான் பிளஸ் டூ படித்ததில்லை. எங்கள் காலத்தில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படிவத்தில் அதற்கு இடமில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"பி.யூ.சி.ன்னா வண்டிக்கு எடுப்பாங்களே, அந்தப் பொல்யூஷன் சர்டிபிகேட்டா சார்?"

"இல்லம்மா. அது ஒரு படிப்பு."

"டிஸ்கன்டின்யூ ஆயிடுச்சா சார்?"

"நான் இல்லம்மா. அதுதான் டிஸ்கன்டின்யூ ஆயிடுச்சு."

'இதர' என்ற கட்டத்தைத் தட்டச் சொன்னாள். என்னைப் பற்றி அந்தப் படிவத்தில் இருந்த தகவல்களில் ஆகத் துல்லியமானது அதுதான்.

படிப்பில் இடைவெளி விட்டவர்கள் அதற்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும். கேப் சர்டிபிகேட். அப்போது இருபது ரூபாய் பத்திரத்தில் அபிடவிட் அடித்து நோட்டரி முத்திரை வைத்தால் போதுமாக இருந்தது. கோர்ட் வாசலில் மரத்தடியில் டைப் அடிக்கும் அம்மாள் கம்ப்யூட்டரில் மாதிரி வாசகம் வைத்திருந்தார். "கேப் எவ்ளோ சார், ஒரு வருஷமா, ரெண்டா?" "முப்பத்தெட்டு" என்றேன். விரல்கள் நின்றன. "முப்பத்தெட்டு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" இதே கேள்வியை என் மனைவியும் அவ்வப்போது கேட்பதுண்டு என்பதால் நான் அசரவில்லை. மாதிரி வாசகத்தின்படி, மேற்படி காலத்தில் நான் வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் சேரவில்லை, எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படவில்லை. ஒரு நடுத்தர வர்க்க வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும் என்றது அடுத்த விதி. என் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பரிந்துரைக்கக்கூடிய நிலையில் இல்லை. மாலை போட்ட படங்களாக இருக்கிறார்கள். தாம்பரம் தாண்டி ஒருவர் இருந்தார், எண்பத்தைந்துக்கு மேல் வயது. பேர் சொன்னேன், வருடம் சொன்னேன், அவருக்கு ஞாபகமில்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினேன். நகைக்கடனுக்கு வந்த ஒரு பாட்டி, மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருக்கும் படம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி, பாட்டியின் கட்டைவிரலுக்கு மேலேயே ஒரு கோடு இழுத்தார். உள்ளங்கையின் ஓரத்திலிருந்து புறப்பட்ட என் கட்டைவிரல், மணிக்கட்டிலிருந்து புறப்படத் தொடங்கியது. கை கையாக மாறிவிட்டது. "இதைத்தானே அன்னைக்கும் சொன்னேன்?" என்றார். முகம் மறந்திருக்கிறது, தப்பு ஞாபகமிருக்கிறது.

கடிதத்தை மைப் பேனாவால் அங்கேயே எழுதிக் கொடுத்தார். "கை வரைவதில் இவனுக்கு இன்னும் பலவீனம் உண்டு. சொன்னால் கேட்டுக்கொள்வான்." படிவமோ, பரிந்துரையாளரின் அலுவலக மின்னஞ்சலிலிருந்துதான் கடிதம் வர வேண்டும் என்று அடம்பிடித்தது. அவர் அலுவலகத்தை விட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. பேரன் உட்கார்ந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினான். அதில் அவர் பெற்ற முதல் கடிதம், அவருடைய கடிதம் கிடைத்துவிட்டதாகச் சொல்லும் இயந்திரக் கடிதம். அதற்கு அவர் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

மகள் பெங்களூரிலிருந்து ஊக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தாகூர் படம் வரையத் தொடங்கியதே அறுபதுக்கு மேல்தான், 1930-ல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது எழுபதை நெருங்கிவிட்டார் என்றாள். தாகூர் அதற்கு முன்னால் நோபல் பரிசு வாங்கியிருந்தார். நான் சிறந்த கிளைக்கான சுழற்கோப்பை வாங்கியிருக்கிறேன். பிரின்ஸ்டனில் வரலாற்றுப் பேராசிரியையாக இருந்த நெல் பெயின்டர், ஓய்வுக்குப் பிறகு ரோட் ஐலண்டில் எம்.எஃப்.ஏ. படித்து, 2018-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் என்று அதையும் வாங்கி அனுப்பினாள். அதில், நீ ஒருநாளும் ஓவியர் ஆக மாட்டாய் என்று ஓர் ஆசிரியர் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஊக்கப் புத்தகத்தில் இதை எதற்கு வைத்தார்கள் என்று மகளிடம் கேட்டேன். எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் ஆன்ரி ரூசோ. பாரிஸ் சுங்கச்சாவடியில் வரி வசூலித்தவர், 49 வயதில் வேலையை விட்டு, சொற்பப் பென்ஷனை வைத்துக்கொண்டு முழுநேரம் படம் போட்டார். கவுன்ட்டரில் உட்கார்ந்தவனின் வலி கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

கடந்த மூன்று ஆண்டுகளில் செய்த படைப்புகள் மட்டும் அனுப்ப வேண்டுமாம். வேலையில் இருந்தபோது சலான்களின் பின்பக்கத்தில் வரைந்த கூட்டம் முழுக்க இதில் அடிபட்டுப்போனது. நல்லவேளையாக, ஓய்வுக்குப் பிறகும் பாஸ்புக்கில் என்ட்ரி போடுகிற சாக்கில் பழைய கிளைக்கே போய்க்கொண்டிருந்தேன். டோக்கன் கூப்பிடும் வரை சும்மா உட்கார முடியுமா? குனிந்த தலைகள், பின்னால் தொங்கும் ஐடி கார்டு கயிறுகள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உரைகல்லில் வளையலைத் தேய்த்துவிட்டு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கும் அப்ரைசர். வளையலுக்குச் சொந்தக்காரி கல்லைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைப் பிடிக்க எத்தனை சலான் வீணாக்கினேன் என்று கிளைக்குத் தெரிந்தால் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள்.

நோக்க அறிக்கை என்று ஒன்று, ஐந்நூறு வார்த்தையில். கடன் மனுவில் 'நோக்கம்' என்ற இடத்தில் ஊரே 'குடும்பச் செலவு' என்று எழுதும். நானும் கேள்வி கேட்காமல் டிக் அடித்திருக்கிறேன். இவர்களிடம் அது செல்லாது. மகளின் தோழி ஒருத்தி திருத்திக் கொடுத்தாள். நான் 'வங்கியில் காத்திருப்பவர்களை வரைகிறேன்' என்று எழுதியிருந்தது, நிறுவன வெளிகளில் உடல்களின் தற்காலிகத்தன்மையை விசாரணைக்கு உட்படுத்துகிறேன் என்று ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. படித்தபோது எனக்கே என்மேல் ஒரு பயம் வந்தது.

நுழைவுத் தேர்வன்று வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்த வேப்பமரத்தாண்ட உட்காருங்க சார்" என்றார். வாதாட நேரமிருந்ததால் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தகப்பனார் முறுக்கு கொடுத்தார். "உங்களுக்குப் பொண்ணா, பையனா?" "நான்தான்" என்றேன். முறுக்கை மென்றபடியே யோசித்தார். பிறகு மிகுந்த கரிசனத்தோடு, "படிச்சா வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டார்.

உள்ளே ஒரு மண்பானை, மடிப்பு விழுந்த வெள்ளைத் துணி, பிளாஸ்டர் தலை. டாங்கி என்கிற பெஞ்சில் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து வரைய வேண்டும். இருபத்திரண்டு வயதுக்காரர்கள் ஒரே தாவலில் ஏறினார்கள். நான் முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்தி ஏறினேன். இறங்கும்போது ஒரு பெண் கை கொடுத்து, "அங்கிள், உங்க ஷேடிங் செம" என்றாள். அந்த 'அங்கிள்' மட்டும் இல்லாதிருந்தால் வாழ்நாள் விமர்சனம்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியைக்கு என் மகள் வயது. பாதித்த ஓவியர் யார் என்று கேட்டார். கோபுலு என்றேன். ஒரு மௌனம். அது போதாதென்று சில்பியையும் சேர்த்துக்கொண்டேன். கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர், சில்பி சென்னையில் நான் படித்த அதே இடத்தில் படித்தவர் என்றும் சொன்னேன். பத்திரிகைப் படம் வேறு, ஓவியம் வேறு என்கிற கட்சியை நான் ஒப்புக்கொள்வதில்லை. 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு ஆனந்த விகடனில் கோபுலு போட்ட கோடுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாத எவரும் தமிழ்நாட்டில் ஒரு முகத்தை ஒழுங்காக வரைந்துவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

பேராசிரியை என் படங்களைத் திருப்பிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "எல்லாப் படத்துலயும் வலது மேல் மூலை காலியா இருக்கே. முகம்கூடப் பாதியில கட் ஆகுது. ஏன்?"

"பேனா எட்டாது மேடம்."

"புரியல."

"பேங்க்ல கஸ்டமர் பேனாவை நூல்ல கட்டி வெச்சிருப்பாங்க. இடது பக்கம் ஆணி. நூல் எவ்வளவு தூரம் வருதோ, அவ்வளவுதான் படம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் எதையோ வேகமாகக் குறித்துக்கொண்டார். "ரொம்ப இன்ட்ரஸ்டிங் சார். அந்த நூலையும் நீங்க காட்சிக்கு வைக்கணும்" என்றார் பேராசிரியை. பேனா திருடு போகாமலிருக்க அந்த நூலைக் கட்டச் சொன்ன மேனேஜர் நான்தான் என்பதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது ஆடிட் காலத்தில் படித்த பாடம்.

இடம் கிடைத்தது. சேரும் நாளில் கடைசிக் கொக்கி வந்தது. 2009-ம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி, ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும். கூடவே பெற்றோரோ பாதுகாவலரோ தனியாக ஓர் உறுதிமொழி தர வேண்டும். மனைவியிடம் பாதுகாவலராகக் கையெழுத்துக் கேட்டேன். "உங்க நடத்தைக்கு நான் கேரன்டி தர முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். முப்பத்தைந்து வருடம் எத்தனையோ பேரை, ஜாமீன்தாரரைக் கூட்டி வா என்று விரட்டியவனுக்கு ஜாமீன் போட ஆளில்லை.

மிச்சமிருந்தது அம்மா. வயது எண்பத்தாறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நீ சின்னப் பசங்களை ஏதாவது பண்ணுவியா?"

"மாட்டேம்மா."

"பீடி கீடி?"

"இல்லம்மா."

"அப்பா இருந்திருந்தா இதுல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். பெற்றோர் கைபேசி எண் என்ற இடத்தில் அவருடைய எண்ணை எழுதினோம். இருக்கட்டும் ஒரு சம்பிரதாயத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கூடத்தில் செல்போனோடு உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

"காலேஜ்லேருந்து மெசேஜ் வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. இன்னைக்கு உங்க பிள்ளை வகுப்புக்கு வரலையாம். எங்கடா சுத்திட்டு வர்ற?"

"பேங்குக்கும்மா. பென்ஷனுக்கு, நான் உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் குடுக்கப் போனேன்."

"அதுக்கு லீவ் லெட்டர் குடுத்துட்டுப் போறதுக்கென்ன?" என்றார் அம்மா.