காத்துவாக்கு அண்ணாச்சி

அண்ணாச்சி எந்தச் சேதியையும் மனிதர்களிடமிருந்து கேட்பதில்லை. காத்துவாக்கில்தான் கேட்பார்.

“சார்வாள், காத்துவாக்குல ஒரு சேதி காதுல விழுந்துச்சு...” என்று அவர் இழுத்ததுமே பஞ்சர் கடை பெஞ்சில் இருப்பவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள். யார் சொன்னது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. முகம் சுருங்கிவிடும். “யாரு சொன்னான்னா... அது அப்படியே வந்துச்சு” என்று கையை மேற்கே காட்டுவார். மேற்கே குற்றாலத்து மலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைச் சுமந்துகொண்டு தென்காசிக்கு வருகிற காற்றின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றியிருக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் பஞ்சர் கடையை ஆஸ்தான மண்டபமாக வைத்துக்கொண்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அங்கே டயருக்கும் காத்து அடிக்கப்படும், ஊருக்கும் காத்து அடிக்கப்படும். கடைக்காரத் தம்பி முன் சக்கரத்துக்கு 25, பின் சக்கரத்துக்கு 32 என்று அளவு பார்த்து நிறுத்திவிடுவான். அண்ணாச்சியிடம் அந்த மீட்டர் கிடையாது. வெடிக்கிற வரைக்கும் அடிப்பார்.

காற்றுக்கு நம் பேச்சில் ஏற்கெனவே வேலை அதிகம். கூட்டமில்லாத தியேட்டர் காத்து வாங்கும். வியாபாரமில்லாத கடை காத்தாடும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நாமும் காத்து வாங்கத்தான் தெருவில் இறங்குகிறோம், ஆனால் நம்மைப் பார்த்து யாரும் ஓடாத படம் என்று சொல்வதில்லை. பயந்த பிள்ளைக்குக் காத்து கருப்பு பட்டிருக்கும். தேர்தல் வந்தால் காத்து யார் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். முடிந்ததும் சொன்னதையெல்லாம் காத்தில் பறக்கவிடுவார்கள். இத்தனையிலும் காற்று தன் பாட்டுக்கு அடிக்கிறது, அவ்வளவுதான். சாட்சிக் கூண்டில் அதை ஏற்றி நிறுத்தியவர் அண்ணாச்சி. காற்றுவாக்கு என்றால் காற்று அடிக்கிற திசை. அண்ணாச்சி அதைக் காற்று கொடுத்த வாக்குமூலம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

2022-ல் ‘காத்துவாக்குல ரெண்டு காதல்’ படம் வந்தபோது போஸ்டர் முன்னால் நின்று ஒரு சிரிப்புச் சிரித்தார். தன் சொத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவனைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட சிரிப்பு. படத்துக்குப் போகவில்லை. “கதை எப்படியும் காத்துவாக்குல வந்துரும்லா” என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று பலித்ததுதான் எங்கள் கெட்ட காலம். தென்காசி தனி மாவட்டம் ஆகப் போகிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2019 நவம்பர் 22-ம் தேதி முதலமைச்சரே நேரில் வந்து 33-வது மாவட்டமாகத் தொடங்கிவைத்துவிட்டுப் போனார். பத்து வருஷம் விடாமல் சொன்னால் எதுவும் ஒருநாள் நடக்கத்தான் செய்யும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து யார் சந்தேகப்பட்டாலும், “மாவட்டம் வரும்னேன், சிரிச்சிய” என்பதோடு வழக்கு முடிந்தது. எதிர்வீட்டு நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது என்பதற்கும் அதுதான் ஆதாரம்.

மனுஷர் கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. போன வருஷம் மழையில் ஸ்கூட்டர் வழுக்கி நான் விழுந்தபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ராத்திரி முழுக்க வெளி பெஞ்சில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. சென்னையில் இருக்கும் என் மகனுக்கு அவரே போன் போட்டு, “பயப்படாத தம்பி, ஒரு கால்தான்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவன் அலறியடித்துக்கொண்டு விடியற்காலையில் வந்து இறங்கினான். கட்டுப்போட்ட என் காலைப் பார்த்ததும், பாவம், அவனுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். அடுத்த தெருப் பெண்ணுக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி விசாரிக்க வந்தார்கள், வழக்கப்படி கடைத்தெருவில் விசாரித்தார்கள். அண்ணாச்சி, “நல்ல பிள்ளதான்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “காத்துவாக்குல என்னமோ சொன்னாவ, அது நமக்கெதுக்கு” என்றார். வந்தவர்கள் வாங்கிய டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். என்னதான் கேட்டீர் என்று நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஒண்ணும் கேக்கல சார்வாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.” காற்றே அடிக்கவில்லை! காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று களத்துமேட்டுக்காரன் நெல்லை நினைத்துச் சொன்னான். இவர் காற்றில்லாதபோதும் தூற்றுகிறார், அதுவும் ஊரான் வீட்டுப் பெண்ணை. அந்தப் பெண்ணின் அப்பா இன்றும் அவரைப் பார்த்து வணக்கம் சொல்கிறார், விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு மாசம் அந்தப் பஞ்சர் கடைப் பக்கமே நான் போகவில்லை.

காத்து வீட்டுக்கே வந்தது. இந்த ஆடியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு புரோக்கர் போன் செய்தார். “சார்வாள், வீட்டக் குடுக்கப் போறியளாம்லா?” பகலில் பால்காரர் பாக்கியைக் கேட்டார். சாயங்காலம் பலசரக்குக் கடையில், பதினெட்டு வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக, “நோட்டுல எழுதவா, கையில தாரியளா?” என்று கேட்டார்கள். ஊரை விட்டுப் போகிறவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

இந்தத் தடவை விடுவதில்லை என்று கிளம்பினேன். புரோக்கருக்குச் சொன்னது பால்காரர். பால்காரருக்குத் துணி தேய்ப்பவர். அவருக்குச் சொன்னது யாரென்று நான் கேட்கவே இல்லை. நேரே பஞ்சர் கடைக்குப் போய்விட்டேன்.

“யாரு சொன்னா?”

“காத்துவாக்குல...” என்று கை மேற்கே கிளம்பியது.

“கையை இறக்கும். ஆள் பேரைச் சொல்லும்.”

கடைக்காரத் தம்பி கம்ப்ரசரை அணைத்துவிட்டான். அண்ணாச்சி துண்டை உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார், தரையைப் பார்த்தார். அந்த மனுஷர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

“நீங்கதான் சொன்னிய” என்றார்.

எனக்கு நினைவு வந்தது. நாலு நாளுக்கு முன்னால் ராத்திரி அடித்த காற்றில் மாடித் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பின்வீட்டுக் கிணற்றில் போய் விழுந்தது. அந்த எரிச்சலில், “இந்த வீட்டை வித்துத் தொலைச்சிட்டு மகன்கிட்டயே போயிரலாம்” என்று மனைவியிடம் கத்தியிருக்கிறேன். ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் வீடு தெருவின் மேற்குக் கோடி. அண்ணாச்சி கிழக்கே பத்து வீடு தள்ளிக் காத்து வாங்கிக்கொண்டிருந்தாராம். மேல்காற்று. அவர் ஆயுளில் முதல் தடவையாக ஒரு சேதி நிஜமாகவே காத்துவாக்கில் அவர் காதில் விழுந்திருக்கிறது.

“உங்க பேரச் சொல்லிக் காட்டிக் குடுக்கப்பிடாதுன்னுதான் சார்வாள், காத்துன்னு சொன்னேன்” என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்ட பிறகு நான் என்ன சொல்ல? ஸ்கூட்டருக்குக் காத்து அடித்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள். “அந்தப் புரோக்கர் மறுபடியும் போன் பண்ணினார். எவ்வளவு சொன்னார் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்து, தொகையை என் காதில் சொன்னாள். நானே எதிர்பார்க்காத தொகை.

ஒரு வாரமாக அதைப் பற்றித்தான் பேச்சு. ஊரெல்லாம் காற்றுக்காகவும் சாரலுக்காகவும் பஸ் பிடித்துக் குற்றாலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஜன்னல்களையெல்லாம் சாத்திக் கொக்கி மாட்டிக்கொண்டு, ஃபேனை அஞ்சில் வைத்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறோம்.